தரவுத்தள அகராதியில் அட்டவணையின் பதிவு

தரவுத்தளம் ஒவ்வொன்றும் தன் அட்டவணைகளைப் பற்றிய விவரங்களைத் தன்னுள்ளேயே பதிந்து வைத்துக்கொள்கிறது. ஆரக்கிள் ஆவணங்கள் இப்பகுதியை 'டேட்டா டிக்ஷனரி' என்றும், போஸ்ட்கிரெஸ் ஆவணங்கள் 'சிஸ்டம் கேட்டலாக்' என்றும் குறிக்கின்றன. முன்னதைத் தழுவித் தமிழில் 'தரவு அகராதி' என்பர். 'அகராதி' என்னும் சொல் அகர முதலான வரிசையைக் குறித்துப் பிறந்தது. இங்கு அவ்வரிசை இல்லை. ஆயினும் பெயரின் பொருத்தமின்மை அதனினும் ஆழமானது.

சொல்லகராதி சொல்லுக்குப் பொருள் கூறும். தரவுத்தளப் பதிவோ அட்டவணை எத்தகையது என்பதோடு அது எங்குள்ளது என்பதையும் கூறும். எஸ்கியூலைட் மென்பொருளில் ஒரு பதிவு வகை, பெயர், சார்ந்த அட்டவணையின் பெயர், வேர்ப்பக்க எண், ஆக்க ஆணை என ஐந்து புலங்களைக் கொண்டது. ஆக்க ஆணை என்பது அட்டவணையை உருவாக்க எழுதிய கட்டளையின் வாசகம். மென்பொருள் அதனைப் பகுத்தறிந்தே புலங்களின் பெயரையும் வகையையும் உணர்கிறது. ஆகவே வரையறை இங்கு ஒரு வாக்கியமாகவே சேமிக்கப்படுகிறது என்பது மொழியியலார் கருதத்தக்கது. இருப்பிடத்தைக் காட்டுவது வேர்ப்பக்க எண். பக்கம் ஒன்றுக்கு 4096 பைட் எனில், 'வட்டாரச்சொல்' என்னும் அட்டவணையின் வேர்ப்பக்க எண் 5 ஆயின், கோப்பில் 16384 பைட்டுகளைக் கடந்தபின் அதன் வேர்ப்பக்கம் தொடங்கும்.

அகராதியின் இருப்பிடத்தைக் காட்டுவது எது? அது எப்போதும் முதற்பக்கத்தில் தொடங்கும் என்பது முன்னரே வகுத்த விதி. தன்னைப் பற்றிய பதிவு அதில் இராது. ஆயினும் அதுவும் ஓர் அட்டவணையே. தரவுத்தளத்தின் விவரிப்பும் ஏனைய தரவுகளைப் போன்றே அமைய வேண்டும் என்பது எட்கர் காட் 1985இல் வகுத்த விதிகளுள் ஒன்று.

வரையறையும் இருப்பிடமும் வெவ்வேறு என்பதற்குக் 'காட்சி' எனப்படும் தோற்ற அட்டவணை சான்று. அதற்கு ஆக்க ஆணை உண்டு, வேர்ப்பக்கம் இல்லை. போஸ்ட்கிரெஸில் இப்பிரிப்பு மேலும் தெளிவு. அங்கு அட்டவணைக்குப் பெயர், அடையாள எண், கோப்பு எண் என மூன்று உண்டு. பெயரை மாற்றினால் மற்ற இரண்டும் மாறா. அட்டவணையை முழுதும் திருத்தி எழுதினால் கோப்பு எண் மட்டும் மாறும்.

பொருளும் இடமும் ஒருங்கே தரும் இப்பதிவு, நூலின் விவரத்தையும் அடுக்கெண்ணையும் தாங்கிய நூலகப் பட்டி அட்டையையே பெரிதும் ஒத்தது. 'தரவு அகராதி' வழக்கில் வேரூன்றிவிட்டதாயின், அதனை விலக்க வேண்டுவதில்லை. ஆனால் 'பதிவு', 'அட்டவணை' என்பவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி வழங்குதல் கூடாது. எஸ்கியூலைட்டில் அட்டவணையை முறைப்படி நீக்கினால் அதன் பக்கங்கள் மறுபயனுக்கு விடுவிக்கப்படும். அகராதிப் பதிவை மட்டும் வலிந்து அழித்தாலோ, சொற்கள் யாவும் கோப்பில் கிடந்தும் அவற்றை அடையும் வழி அற்றுப்போகும். 'பதிவை நீக்குக' என்பதற்கு 'அட்டவணையை நீக்குக' என்று எழுதும் கையேடு இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும்.