கென்யா சஃபாரிக்குப் புறப்படும் அன்பர்களுக்கு

சஃபாரி என்பது ஸ்வாஹிலிச் சொல். அந்த மொழியில் அதற்குப் பயணம் என்றுதான் பொருள். காட்டுக்கும் மிருகத்துக்கும் சம்பந்தமில்லை. மூலம் அரபி. நாம் இங்கே இந்தியில் அன்றாடம் கேட்கிற ‘சஃபர்’ அதே வேரில் கிளைத்ததுதான். நம் ‘சவாரி’ வேறு. அது பாரசீக வழி வந்தது. ஓசை ஒத்துப் போகிறதே என்று உறவு கொண்டாட முடியாது.

2024 ஆகஸ்டில் மகன் குடும்பத்தோடு கென்யாவின் மசாய் மாராவுக்குப் போய் வந்தேன். அதிலிருந்து நம் சங்கத்து அன்பர்கள் பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்பது, ‘அங்கே சாப்பாடு கிடைக்குமா?’ என்பதுதான். சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஊசி.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சொல்கிறேன். மஞ்சள் காமாலையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது கொசு பரப்பும் வேறு நோய். விசித்திரம் என்னவென்றால், இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்குக் கென்யாவில் இந்தச் சான்றிதழ் கட்டாயமில்லை. திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில்தான் கேட்பார்கள். நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு இங்கே தாராளமாக இருக்கிறது, நோய் மட்டும் இல்லை. அது வந்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. சான்றிதழ் இல்லாதவரை 6 நாள் வரை தனியே வைக்கலாம். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுகிறார்கள். ஆகவே டிக்கெட் எடுத்த கையோடு இதைக் கவனியுங்கள். 2016 முதல் ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்றாகிவிட்டது.

அறுபதைத் தாண்டியவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. முதல் முறை போடும்போது கடுமையான பின்விளைவு வருவது அபூர்வம்தான். ஆனாலும் இளையவர்களைவிட நமக்கு அது அதிகம். முட்டை ஒவ்வாதவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முட்டைக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று என் வீட்டம்மா டாக்டரிடம் கேட்டாள். இந்த மருந்துக்கான கிருமியைக் கோழிக் கருவில் வளர்க்கிறார்கள் என்றார் அவர். வீடு வந்ததும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். நம் சமணத்தில் ஹிம்சை நான்கு வகை. இல்லறத்தார் அறவே விட வேண்டியது சங்கல்ப ஹிம்சை, அதாவது கொல்லும் நோக்கத்தோடு கொல்வது. அடுப்படியிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேர்வதைக் குறைத்துக்கொள்ளத்தான் முடியும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, சிங்கம் பார்க்கப் போறது இதுல எந்த வகைங்க?” என்றாள். இத்தனை வருஷம் படித்ததில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அவள் வரவில்லை. நான் ஊசி போட்டுக்கொண்டேன்.

மலேரியாவுக்கு மாத்திரை உண்டு. எது, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஊர் திரும்பியதும் பாதியில் நிறுத்திவிடக் கூடாது.

மாரா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தாலும் கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டர் மேலே. திறந்த வண்டியில் விடியற்காலை நடுங்கிவிடும், ஸ்வெட்டர் அவசியம். கருநீலமும் கறுப்பும் வேண்டாம், செட்சி ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வரும். நைரோபியிலிருந்து சிறு விமானத்தில் போவதானால் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான், அதுவும் மடங்கும் பையாக இருக்க வேண்டும். 2017 முதல் அங்கே பாலிதீன் பைக்குத் தடை. பருப்புப் பொடியையும் பொரிவிளங்காய் உருண்டையையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி சாப்பாடு. உகாலி என்பது மக்காச்சோளக் களி. ராகிக் களி தின்று வளர்ந்தவனுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. சப்பாத்தி அங்கேயும் சப்பாத்திதான். நைரோபியில் குஜராத்தி ஜைனர்கள் தலைமுறைகளாக இருப்பதால் வெங்காயம், பூண்டு, கிழங்கு கூடாது என்றால் பல சமையல்காரர்களுக்குப் புரிகிறது. சிக்கல் நேரத்தில்தான். சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறரை மணிக்கு மறைகிறது. மாலைச் சுற்று முடிவதும் அதே வேளை, லாட்ஜில் இரவுச் சாப்பாடு அதற்குப் பிறகு. என்னைப்போல் இருட்டினால் உண்ணாதவர்கள் மத்தியானமே சமையலறையில் சொல்லி டப்பாவில் வாங்கிக்கொண்டு வண்டி ஏறுங்கள். நான் நாலு நாளும் அப்படித்தான்.

வண்டியை விட்டு இறங்கக் கூடாது. மிருகத்தின் அருகில் எழுந்து நின்று கத்தக் கூடாது. டிரைவரை ‘இன்னும் கிட்டே போப்பா’ என்று நச்சரிக்கக் கூடாது. ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாதென்பது அங்கே விதி. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுவது. வண்டிகள் சூழ்ந்துகொண்டால் அன்றைக்கு அதற்கும் குட்டிகளுக்கும் பட்டினி. வேட்டையைப் பார்க்க மனமில்லாதவர்கள் வண்டியைத் திருப்பச் சொல்லலாம். நான் சொன்னேன். பேரன் முகம் தொங்கிவிட்டது; மறுநாள் அவனை அவன் அப்பாவோடு வேறு வண்டியில் அனுப்பினோம்.

ஊசிச் சான்றிதழ் மஞ்சள் நிறச் சின்னப் புத்தகம். அதைப் பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பும்போது வரிசையில் நின்று தேடாதீர்கள். பாஸ்போர்ட்டோடு கையிலேயே இருக்கட்டும்.