கொச்சியால் பெயர் பெற்ற ஈந்து

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் மண் தரையைக் காண்பது அரிது. பண்டகசாலைச் சுவர், அதையொட்டி வீடு, வீட்டின் முன் இரண்டு படிகள், அவ்வளவுதான். அந்தப் படிகளிலும் ஒரு குரோட்டன்ஸ், ஒரு மணி பிளாண்ட் வைத்துப் பார்க்க ஆசைப்படுவோர் உண்டு. இன்னும் ஆசை மிகுந்தவர்கள் தென் அமெரிக்கக் காடுகளிலிருந்து வந்த அரிய இலைச்செடிகளுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கின்றனர். நம் மேற்கு மலைத் தொடரிலேயே பிறந்து, இதே கொச்சியின் வழியாக உலகத் தாவர நூல்களில் இடம்பெற்ற ஓர் அரிய இலைச்செடி இருப்பதைப் பலர் அறியார்.

மலையாளத்தில் அதற்கு ஈந்து என்று பெயர். தமிழில் ஈந்து என்றால் ஈச்ச மரம், இது அதுவல்ல. நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்கிறார்களே, அது இந்தச் செடியின் ஆண் கூம்புதான்.

டச்சுக்காரர் புத்தகத்தில்

1670-களில் கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தலைமை அதிகாரியாக இருந்தவர் வான் ரீடு. மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பற்றி ஒரு நூல் செய்ய அவர் முனைந்தார். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி பிராமணர்களும் மருந்துக் குணங்களை எடுத்துச் சொன்னார்கள். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற பெயரில் ஆம்ஸ்டர்டாம் நகரில் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக அது வெளிவந்தது. மூன்றாம் பாகத்தில் 'தொட்ட பன்னா' என்று படங்களுடன் இடம்பெற்றிருப்பது நமது ஈந்து. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் 1753-ல் இதற்கு சைகஸ் சர்சினாலிஸ் என்று பெயரிட்டபோது அந்த விவரத்தையே ஆதாரமாகக் கொண்டார். நூல் முழுவதும் லத்தீனில் இருந்ததால் முன்னூறு ஆண்டுகள் இங்குள்ளவர்களால் படிக்க முடியவில்லை. பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல ஆண்டுகள் உழைத்துச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை 2003-ல் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

பார்வைக்குப் பனை போலிருந்தாலும் ஈந்து பனை இனம் அல்ல. பூ என்பதே இல்லாத, டைனோசர் காலத்துக்கும் முந்திய தொல்குடியைச் சேர்ந்தது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு.

இன்று உலக அளவில் அழிவு அபாயத்தில் உள்ள இனமாக இது பட்டியலிடப்பட்டிருக்கிறது. காடு சுருங்கியது ஒரு காரணம். மாலைக்கும் மேடை அலங்காரத்துக்கும் மட்டைகளை வெட்டுவது இன்னொன்று. மருந்துக்காக ஆண் கூம்பை அறுத்துவிட்டால் மகரந்தம் ஏது? மகரந்தம் இன்றேல் பெண் செடியில் விதை ஏது? நம் ஊர்க் கடையில் பொட்டலம் கட்டித் தரும் சரக்குக்கும் இதில் பங்கு உண்டு. காட்டிலிருந்து வேரோடு பிடுங்கி வந்த செடியை மலிவாகத் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் வாங்கவே கூடாது. அது சட்டப்படியும் குற்றம். அப்படிப் பிடுங்கியது பிழைப்பதும் கடினம். விதையிலிருந்து வளர்த்த கன்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

நர்சரியில் 'சைகஸ்' என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது ஜப்பானியச் சைகஸ். அதன் இலைக்கூறுகள் குறுகி, ஓரம் சுருண்டு, தொட்டால் குத்தும். ஈந்தின் கூறுகள் தட்டையாக, நீளமாக, பளபளப்பாக இருக்கும். இரண்டையும் 'சேகோ பாம்' என்று அழைப்பதால் ஜவ்வரிசி இதிலிருந்து வருகிறது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். நம் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது.

தொட்டியில் வளர்க்க

ஈந்துக்கு முதல் எதிரி தேங்கும் நீர். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொச்சியில் இதை மறக்கலாகாது. ஆணிவேர் நேராக இறங்குவதால் தொட்டி ஆழமாக இருக்க வேண்டும். அடியில் உடைத்த செங்கல் துண்டுகள். மேலே பாதிக்குப் பாதி ஆற்று மணல், மீதி செம்மண்ணும் மக்கிய இலை உரமும். தொட்டியைத் தரையில் நேரே வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் துவாரம் அடைபடாது. மேல் மண் காய்ந்த பிறகே தண்ணீர். அதையும் நடுக்குருத்தில் ஊற்றக் கூடாது. மழைக்காலத்தில் கூரையோரம் நகர்த்திவிடுவது நல்லது. கடலோரக் கிணறுகளின் உப்பு நீர் ஆகாது. இளங்கன்றுக்கு அரை நிழல் போதும். வளர்ந்ததற்கு வெயில் வேண்டும். இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருவதால் ரசாயன உரத்துக்கு அவசரம் இல்லை.

புதுமட்டைகள் ஒவ்வொன்றாக வராது. பல மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே சமயத்தில் வட்டமாகக் கிளம்பும். அந்தச் சில வாரங்கள்தான் கண்டம். சின்ன நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று இளங்குருத்தில் முட்டையிடும். புழுக்கள் சில நாளிலேயே மட்டையை நரம்பாக்கிவிடும். குருத்தில் எறும்பு ஊர்ந்தால் புழு வந்துவிட்டது என்று அர்த்தம். மருந்தடிப்பதைவிடப் பழைய கொசுவலைத் துண்டைச் சுற்றிக் கட்டிவிடுவது மேல். மட்டை முற்றியதும் வலையை எடுத்துவிடலாம். அதுவரை தொட்டியைத் திருப்பவும் கூடாது. மட்டைகள் வெளிச்சத்தைத் தேடிக் கோணும். வெள்ளைச் செதில் பூச்சி கண்டால் சோப்புத் தண்ணீரில் சிறிது வேப்பெண்ணெய் கலந்து துணியால் துடைக்க வேண்டும்.

விதை கிடைத்தால் சதையை நீக்கி, நிழலில் சில மாதம் வைத்திருந்து, மணலில் பாதி புதையுமாறு படுக்க வைக்க வேண்டும். முளைக்க மாதக் கணக்காகும். விதையில் விஷம் உண்டு. மலபாரில் அதைக் காயவைத்துப் பலமுறை நீர் மாற்றி ஊறவைத்த பின்பே மாவாக்குகிறார்கள். குழந்தைகளும் நாயும் நடமாடும் வீட்டில் விதையைக் கீழே போடக் கூடாது. முதிர்ந்த தண்டின் பக்கத்தில் வெடிக்கும் கன்றைப் பிரித்தும் நடலாம். வெட்டிய இடம் காயும்வரை சில நாள் நிழலில் வைத்திருக்க வேண்டும்.

ஆணா பெண்ணா என்பது கூம்பு விடும் வரை தெரியாது. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் வாடகை வீடு இரண்டு மூன்று மாறியிருக்கும், ஊருக்கே மாற்றலாகியும் இருக்கும். பத்திரமாகக் கட்டி எடுத்துச் சென்றால் தொட்டியோடு ரயிலேறும் செடி இது. குருத்து விடும் வாரங்களில் மட்டும் கிளம்பாமல் இருந்தால் போதும்.