கூரையில் தொடங்கிய கட்டடங்கள்

வீடு கட்டுவோர் அஸ்திவாரத்தில் தொடங்கிக் கூரையில் முடிப்பார்கள். கூரையில் தொடங்கி வாசற்படியில் முடித்த கட்டடங்களும் உண்டு என்றால் நம்புவீர்களா? அவற்றைக் காண ஜோர்டான் நாட்டின் தென்பகுதிக்கு வாருங்கள். அங்குதான் பெட்ரா இருக்கிறது. பெட்ரா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பாறை என்பது பொருள். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, வணிகத்தில் சிறந்த நபாத்தியர் என்னும் அரபு மக்களின் தலைநகராக அது விளங்கியது.

நகருக்குள் செல்ல 'சீக்' என்னும் மலைப்பிளவு வழியே நடக்க வேண்டும். நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். சில இடங்களில் அகலம் 3 மீட்டர்தான். இருபுறமும் பாறைச் சுவர்கள் வானத்தை மறைக்கும். பிளவு முடியும் இடத்தில், சுமார் 40 மீட்டர் உயரமுள்ள தூண் மாளிகை ஒன்று இளஞ்சிவப்பாய் எதிரே நிற்கும். அதுவே 'அல் கஸ்னே'. மணற்பாறையிலுள்ள இரும்பு ஆக்சைடே அந்த நிறத்திற்குக் காரணம்.

மேலிருந்து ஏன்?

இது கல்லை அடுக்கிக் கட்டியதன்று, மலையைக் குடைந்தது. சிற்பிகள் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கினர். இதனால் உடைந்து விழும் கற்கள், செதுக்கி முடித்த பகுதியைத் தாக்குவதில்லை. செதுக்காத பாறையே அவர்களுக்கு நிற்க மேடையாயிற்று. பாதியில் விடப்பட்ட கல்லறை ஒன்று இம்முறையை இன்றும் காட்டுகிறது: மேற்பகுதி மட்டும் முடிந்திருக்க, கீழே வெறும் பாறை! ஆனால் ஒரு சங்கடம். தவறாக வெட்டிய கல்லை மீண்டும் ஒட்ட முடியாது. அளவு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

இங்கு ஆண்டு மழை சுமார் 150 மில்லிமீட்டரே. குறைவுதான், ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர் நீர். அப்படியானால் ஒரு ஹெக்டேர் பாறையில் ஆண்டுக்கு 15 லட்சம் லிட்டர் விழுகிறது! நபாத்தியர் பாறையில் தொட்டிகள் குடைந்து, சுண்ணச்சாந்து பூசி அதைச் சேமித்தனர். தொலைவிலிருந்த ஊற்று நீரைச் சுட்ட மண் குழாய்களில் சீக் வழியே கொண்டுவந்தனர். நீர்மட்டம் 10 மீட்டர் உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மண் குழாயின் இணைப்புகள் அதைத் தாங்குவது கடினம். ஆகவே சீரான, மென்மையான சரிவு இன்றியமையாதது.

நீர் வாழ்வும் தரும், அழிவும் தரும். வெறும் பாறை மழையை உறிஞ்சாது. பரந்த மலைச்சரிவின் நீர் முழுவதும் 3 மீட்டர் இடுக்கில் புகுந்தால் ஆழமும் வேகமும் என்னவாகும்? அதனால்தான் நபாத்தியர் சீக்கின் வாயிலில் அணை கட்டி, ஏறத்தாழ 90 மீட்டர் நீளச் சுரங்கம் வழியே வெள்ளத்தை வேறு பள்ளத்தாக்கிற்குத் திருப்பினர். காலப்போக்கில் அணை சிதைந்தது. 1963 ஏப்ரலில் சீக்கில் திடீர் வெள்ளம் பாய்ந்து, சுற்றுலா வந்த பிரெஞ்சுக்காரர் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு அணை மீண்டும் எழுப்பப்பட்டது. எங்கே? நபாத்தியர் தேர்ந்தெடுத்த அதே இடத்தில்!

கல்லைத் தின்னும் உப்பு

கி.பி. 363-இல் பெரும் நிலநடுக்கம் நகரின் பல கட்டடங்களை வீழ்த்தியது. இன்றைய பகைவன் ஓசையின்றி வேலை செய்கிறான். நிலத்தடி ஈரம், நுண்புழை ஏற்றத்தால் மணற்பாறையின் நுண்துளைகளில் ஏறுகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு படிகமாகிறது. வளரும் படிகம் மணல் துகள்களைப் பிரித்துத் தள்ளுகிறது. பல முகப்புகளின் அடிப்பகுதி கரைந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய வீட்டுச் சுவர் உப்புப் பூத்துப் பொரிவதும் இவ்வாறே.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு தட்டில் உப்புக் கரைசல் ஊற்றி, அதில் ஒரு செங்கல்லை நிறுத்தி வையுங்கள். கரைசல் வற்ற வற்ற ஊற்றி வாருங்கள். வெண்பூச்சு எந்த உயரத்தில் தோன்றுகிறது? தட்டிலுள்ள நீர்மட்டத்திலா, அதற்கு மேலா? சில வாரங்களுக்குப் பின் அந்த இடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். என்றேனும் பெட்ராவுக்குச் சென்றால், அங்குள்ள சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள். விரலோடு வரும் ஒவ்வொரு மணலும் ஒரு சிற்பியின் உழைப்பு அல்லவா?