எல்லைச் சுவரும் குடிவரவுச் சட்டமும்: ஐக்கிய அமெரிக்க - மெக்சிக்கோ எல்லை பற்றிய ஒரு நோக்கு

தன் எல்லைக்குள் யார் வரலாம், யார் வரலாகாது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அரசொன்றின் இறைமைக்குரிய இலக்கணங்களுள் ஒன்றாகும். இவ்வுரிமையை மறுப்போர் மிகச் சிலரே. அதனை எவ்வழியில் நடைமுறைப்படுத்துவது என்னும் வினா எழும்போதே கருத்து வேறுபாடு தோன்றுகின்றது. சுவரெழுப்பி வருகையைத் தடுக்கலாம் என்பர் ஒரு சாரார். சுவரால் ஆவது ஒன்றுமில்லை என்பர் மறுசாரார். இவ்விரு கூற்றுக்களையும் வரலாற்றுச் சான்றுகளோடு ஒப்புநோக்குவதற்கு ஐக்கிய அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடைப்பட்ட எல்லை தக்க களமாக அமைகின்றது. சுவர் பற்றிய வாதத்தினுள் மறைந்து கிடக்கும் சட்டம் பற்றிய வினாவை வெளிக்கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பசுபிக் சமுத்திரக் கரையிலிருந்து மெக்சிக்கோ வளைகுடா வரை ஏறத்தாழ 3,140 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வெல்லை, 1848 ஆம் ஆண்டின் குவாடலூப்பே இடல்கோ உடன்படிக்கையாலும் 1853 ஆம் ஆண்டின் நிலக் கொள்வனவாலும் பெரும்பாலும் வரையறுக்கப்பட்டது. போரில் தோல்வியுற்ற மெக்சிக்கோவிடமிருந்து கலிபோர்ணியா முதலிய பரந்த நிலப்பரப்புகள் கைமாறின. ஆங்கு வாழ்ந்த மெக்சிக்கர் இருந்த இடத்தினின்றும் அசையாமலே வேறொரு நாட்டினுள் அடங்கினர். அதன் பின்னரும் நெடுங்காலமாக இவ்வெல்லை தேசப்படத்தில் வரைந்த கோடாகவே இருந்துவந்தது. 1882 இல் சீனத் தொழிலாளரின் வருகை சட்டத்தால் விலக்கப்பட்டது. 1924 இல் நாடுவாரியான பங்கீட்டு முறை வகுக்கப்பட்டது. எல்லைக் காவற்படையும் அவ்வாண்டிலேயே தோற்றுவிக்கப்பட்டது. ஆயினும் மெக்சிக்கோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோள நாடுகளுக்கு அப்பங்கீடு பிரயோகிக்கப்படவில்லை. தென்மேற்குப் பண்ணைகள் மெக்சிக்கத் தொழிலாளரை நம்பியிருந்தமை இதற்கு முக்கிய காரணமாகும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இத்தொடர்பு அரசாங்க ஒப்பந்தமாகவே உருப்பெற்றது. கைகளால் உழைப்பவர் எனப் பொருள்படும் ‘பிரசேரோ’ என்னும் பெயரால் வழங்கிய இத்திட்டம் 1942 முதல் 1964 வரை நிலவியது. இதன்கீழ் ஏறத்தாழ 46 இலட்சம் தொழில் ஒப்பந்தங்கள் கைச்சாத்தாயின. ஒருவரே பலமுறை ஒப்பந்தஞ் செய்து, அறுவடைக்கு வந்து ஊர் திரும்புவது வழக்கமாயிருந்தது. குறைந்த கூலியும் இழிவான இருப்பிடமும் கண்டனத்துக்குள்ளாக, இத்திட்டம் நிறுத்தப்பட்டது. 1965 ஆம் ஆண்டுச் சட்டம் 1968 முதல் மேற்கு அரைக்கோளம் முழுவதற்கும் ஆண்டுக்கு 120,000 என்னும் வரம்பை விதித்தது. 1976 ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரைக்கோளத்தின் ஒவ்வொரு நாட்டிற்கும் 20,000 என்னும் வரம்பை ஏற்படுத்தியது. பண்ணைகளும் மாறவில்லை, அவற்றுக்கு வேண்டிய உழைப்பும் மாறவில்லை. சட்டமே மாறிற்று. நேற்று ஒப்பந்தத்தோடு வந்த தொழிலாளி இன்று சட்டவிரோதக் குடிவரவாளன் எனப்பட்டான்.

இந்நிலைக்குத் தீர்வுகாண முயன்றது ஜனாதிபதி றேகன் காலத்து 1986 ஆம் ஆண்டுச் சட்டமாகும். அதன்வழி ஏறத்தாழ 27 இலட்சம் பேர் சட்டபூர்வ வதிவிட உரிமை பெற்றனர். அனுமதியற்றோரை வேலைக்கமர்த்தும் முதலாளிகளுக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனால் பத்திரங்களின் உண்மையை முதலாளி ஆராயவேண்டியிராமையால் அவ்விதி வலுவிழந்தது. இனிமேல் வரப்போகும் தொழிலாளருக்கான நேர்வழியும் வகுக்கப்படவில்லை. இதன் பின்னரே எல்லையை அடைக்கும் கொள்கை வலுப்பெற்றது. சான் டியாகோ நகரை அடுத்து, வியற்னாம் போரில் விமான இறங்குதளங்களுக்குப் பயன்பட்ட இரும்புத் தகடுகளைக் கொண்டு வேலி அமைக்கப்பட்டது. 1993 இல் எல் பாசோவிலும் 1994 இல் சான் டியாகோவிலும் காவல் பெரிதும் இறுக்கப்பட்டது.

இவ்விடங்களில் எல்லை கடப்போர் தொகை வெகுவாகக் குறைந்தமை உண்மையாகும். நகர்ப்புறத்திலே தடுப்பு, கடப்பவரைத் தாமதப்படுத்திக் காவலருக்கு அவகாசம் அளிக்கின்றது. ஆகவே சுவர் முற்றிலும் பயனற்றது என்னும் கூற்று பொருந்தாது. ஆனால் அடைபட்ட இடத்தை விட்டு மக்கள் அரிசோனாப் பாலைவனத்தை நாடினர். வெயிலாலும் தாகத்தாலும் பலர் மாண்டனர். 1998 முதல் 2017 வரையான இருபது ஆண்டுகளில் இறந்தோர் தொகை 7,000 இற்கு மேற்பட்டதென எல்லைக் காவற்படையின் கணக்கே கூறுகின்றது.

மற்றொரு விளைவு எவரும் எதிர்பாராதது. சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் கோர்க்கே துராண்டும் பல்லாண்டு காலம் மெக்சிக்கக் கிராமங்களில் ஆய்வு நடத்தி இதனைச் சுட்டிக்காட்டினர். எல்லை கடத்தல் ஆபத்தும் செலவும் மிக்கதாகவே, பருவத்துக்கு வந்து திரும்பியோர் திரும்பாது தங்கினர். பின்னர் குடும்பத்தையும் வரவழைத்தனர். தொடக்கத் தொண்ணூறுகளில் ஏறத்தாழ 4,000 ஆக இருந்த எல்லைக் காவலர் தொகை 2011 இல் 21,000 ஐத் தாண்டியது. அனுமதியின்றி வாழ்வோர் தொகையோ 1990 இல் ஏறத்தாழ 35 இலட்சமாயிருந்து 2007 இல் 122 இலட்சம் வரை உயர்ந்ததென மதிப்பிடப்பட்டுள்ளது. வெளியேயிருப்போரைத் தடுக்க எழுந்த வேலி உள்ளேயிருப்போரையும் தடுத்துவிட்டது எனலாம்.

இனி அண்மைக்காலத்தை நோக்குவோம். 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து ஏறத்தாழ 1,050 கிலோமீற்றர் எல்லையில் தடுப்புகள் எழுந்தன. ஜனாதிபதி ட்றம்பின் முதலாவது பதவிக்காலத்தில் கட்டப்பட்ட 730 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுவரில் பெரும்பகுதி பழைய தடுப்புகளுக்குப் பதிலாக அமைந்ததே. இவ்வெல்லையில் பிடிபட்டோர் கணக்கு 2017 நிதியாண்டில் ஏறத்தாழ 3 இலட்சம். 2023 இல் 20 இலட்சத்துக்கு மேல். 2025 இல் ஏறத்தாழ 2.4 இலட்சம். ஒருவரே பலமுறை பிடிபட்டமையும் இவற்றுள் அடங்கும். எனினும் 2023 இற்கும் 2025 இற்கும் இடையில் சுவர் மிகச் சிறிதளவே நீண்டது என்பது கருதத்தக்கது. மாறியவை பிற. மெக்சிக்கோ தன் நிலத்தில் பயணிகளைத் தடுத்தது. 2024 யூனில் புகலிட விதிகள் இறுக்கப்பட்டன. 2025 சனவரியில் எல்லையிற் புகலிடங் கோரும் வழி பெரும்பாலும் அடைக்கப்பட்டது. தொகையை ஏற்றியதும் இறக்கியதும் சுவரன்று. ஆயின், தொகை குறைந்தமை மட்டும் நீதிக்குச் சான்றாகாது. உயிரச்சத்தால் ஓடிவந்தவரும் பிழைப்புத் தேடி வந்தவரும் அடைக்கப்பட்ட அக்கதவின் முன் ஒன்றாகவே நிறுத்தப்படுகின்றனர்.

சுவரின் எல்லைப்பாட்டுக்கு வேறு காரணங்களும் உள. அனுமதியின்றி வாழ்வோரிற் பெருந்தொகையினர் முறையான விசாவுடன் வந்து, தவணை முடிந்தபின் தங்கிவிட்டோராவர். அவர்கள் எச்சுவரையும் கடந்தவரல்லர். மேலும், சுவர் அமெரிக்க நிலத்திலேயே எழுப்பப்படுகின்றது. ரியோ கிராண்டே நதிக்கரையில் அது நீரோட்டத்துக்கு அப்பால் உட்புறமாக அமைவதுண்டு. எனவே சுவரை அடைந்தவர் ஏற்கெனவே அந்நாட்டு மண்ணில் நிற்பவராவர்.

‘வரிசையில் நின்று முறையாக வருக’ என்பது சுவரை ஆதரிப்போர் கூறும் அறிவுரை. நியாயமான கூற்றே. ஆனால் 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேர்ச்சி பெறாத தொழிலாளருக்குரிய நிரந்தர வதிவிட அனுமதி உலகம் முழுவதற்கும் ஆண்டொன்றுக்கு 10,000 ஐ மேற்படாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரின் மெக்சிக்கச் சகோதரர் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்கின்றது. வரிசையே இல்லாதவிடத்து வரிசையை மீறினார் என ஒருவரைப் பழிப்பது எங்ஙனம் பொருந்தும்?

தம் கூலி தாழும் என அஞ்சும் உள்நாட்டு ஏழைத் தொழிலாளரின் கவலையும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் அவர்க்குப் பாதுகாப்பளிப்பது கூலிச் சட்டத்தின் நேர்மையான அமுலாக்கமே. உரிமையற்ற தொழிலாளி அருகிலிருக்கும்வரை உரிமையுள்ளவனின் கூலியும் உறுதியற்றதேயாகும்.

2025 இல் நிறைவேறிய சட்டமொன்று எல்லைச் சுவருக்கென ஏறத்தாழ 4,650 கோடி டொலரை ஒதுக்கியுள்ளது. அதேவேளை குடிவரவு நீதிமன்றங்களில் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. நாட்டுக்கு எத்தனை தொழிலாளர் தேவை, அவர்கள் எவ்வழியில் வரலாம், புகலிடங் கோருவோரின் வழக்கு எத்துணை விரைவில் விசாரிக்கப்படும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டியது சட்டமன்றமேயாகும். அவ்விடை கிட்டாதவரை சுவர் எத்துணை உயர்ந்தாலும், வருவோரின் பாதையை மாற்றுமேயன்றி வருகைக்கான காரணத்தை மாற்றாது.