காரில் கீறல் போடுவது யார்?

கார் கழுவுறதுக்கு ஒரு கட்டுரையான்னு சிரிக்காதீங்க. நம்ம பள்ளிக்கூடத்துல சொந்தக் கார் வச்சிருக்கிற வீடு குறைவுதான். ஆனால் வாடகைக் கார் ஓட்டுற அப்பா, அண்ணன், மாமா பல வீட்டில் இருக்காங்க. எங்க அப்பாவும் கார்தான் ஓட்டுறாங்க. கடன் போட்டு வாங்கிய அந்தக் கார்தான் எங்களுக்குச் சோறு போடுது. கல்யாணத்துக்கு வண்டி பேச வர்றவங்க முதலில் பார்ப்பது பெயிண்டைத்தான். விற்கப் போனாலும் அதைப் பார்த்துத்தான் விலை சொல்வாங்க.

சரி, கீறல் போடுவது யார்? துணியா? கையா? இரண்டும் இல்லை. மணல்தான்!

ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1812-ஆம் ஆண்டு கனிமங்களின் கடினத்தன்மைக்கு 1 முதல் 10 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். அதில் மிகவும் மெதுவான டால்க் 1, வைரம் 10. மணலில் அதிகம் இருக்கும் குவார்ட்ஸ் 7. நம்ம நகம் சுமார் இரண்டரைதான். மணல் கண்ணாடியையே கீறும். அப்புறம் பெயிண்ட் எம்மாத்திரம்?

இப்போது வரும் கார்களில் பெயிண்டுக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கு. அதன் பெயர் கிளியர் கோட். பளபளப்பு அதில்தான் இருக்கு. அதன் தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். 1000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்! காய்ந்த துணியால் தூசியைத் துடைத்தால், துணிக்கு அடியில் மாட்டிய மணல் அந்தப் பூச்சைக் கீறிவிடும். கீறல் ஆழமாகித் தகடு வரை போனால் துருப்பிடிக்கும்.

ஆகவே விதி ஒன்றுதான்: முதலில் மணல் போகணும், அப்புறம்தான் துணி படணும்.

கழுவும் முறை:

1. காரை நிழலில் நிறுத்தணும். வெயிலில் தண்ணீர் உடனே காய்ந்து, போர் தண்ணீரில் உள்ள உப்பு வெள்ளைப் புள்ளியாக நின்னுடும்.

2. துணி போடாமல் மேலிருந்து கீழே தண்ணீர் ஊத்தணும். நிறைய மண் இதிலேயே போயிடும்.

3. இரண்டு வாளி வேணும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கொஞ்சம் தேய்ச்சதும் துணியை வெறும் தண்ணீரில் அலசிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளியில் முக்கணும். மண் அலசுற வாளியின் அடியில் தங்கிடும்.

4. கூரை, கண்ணாடி, பானெட், கதவு என்று மேலிருந்து வரணும். கதவின் அடிப்பக்கம்தான் மண் அதிகம், அதனால் அது கடைசி. சக்கரத்துக்குத் தனித் துணி.

5. நல்லா அலசிட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை விரித்து ஒத்தி எடுக்கணும். அழுத்தித் தேய்க்கக் கூடாது.

துணி கீழே விழுந்தால் உதறிட்டு எடுக்காதீங்க, வேறு துணி எடுங்க. காக்கா எச்சத்தைச் சுரண்டாதீங்க. ஈரத்துணி போட்டு ஊற வைத்து எடுங்க. துணி துவைக்கிற பவுடரும் வேண்டாம். கார் மேல் போட்ட மெழுகை அது எடுத்துடும். சார், டீச்சர் பைக்குகளுக்கும் இதே விதிதான்!

விடியற்காலை சவாரி வந்தால் அப்பாவுக்குக் கழுவ நேரம் இருக்காது. அன்றைக்குக் கண்ணாடியில் மட்டும் தண்ணீர் ஊத்தித் துடைச்சிட்டுக் கிளம்பிடுவாங்க. தூசியோடு போனால் சாயங்காலம் கழுவிக்கலாம். கீறலைக் கழுவ முடியாதே!