ஒரே ஒரு கையெழுத்துதானே!

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் மகளிர் தினப் பேச்சுப் போட்டி. ‘இன்றைய பெண்ணுக்கு முதல் தேவை எது?’ என்பது தலைப்பு. நான் இட்லிக்கு மாவு கரைத்துக் கொண்டிருந்த நேரம் பார்த்து, நோட்டும் பேனாவுமாக அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்து விட்டாள்.

“படிப்புன்னு எழுது” என்றார் என் கணவர், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். “பொறுமை” என்றார் மாமியார். எதிர்வீட்டு டீச்சரம்மா, “பாதுகாப்புதான். ராத்திரி எட்டு மணிக்கு மேல டியூஷன் முடிஞ்சு பொண்ணு வர்ற வரைக்கும் வயித்துல நெருப்புதானே?” என்றார். எல்லாமே நியாயமாகத்தான் பட்டது. 2021-ல் இருந்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் போகிறோம். 2023 செப்டம்பரில் இருந்து மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை என் பாங்க் கணக்கிலேயே விழுகிறது. நூறு ரூபாய்க்குக்கூடக் கணவரிடம் கணக்குச் சொன்ன எனக்கு அந்த ஆயிரம் எவ்வளவு பெரிது என்பது, வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியும்.

“நீ என்னம்மா சொல்றே?” என்றாள் மகள்.

“பிறந்த வீட்டுல நமக்கு என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கறது” என்றேன். சட்டென்று வாயில் வந்துவிட்டது. மாமியார் ஒரு பார்வை பார்த்தார்!

எங்கள் அப்பா மில் தொழிலாளி. சீட்டுப் போட்டு, கடன் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை லீவில் தானே செங்கல் சுமந்து கட்டிய வீடு எங்களுடையது. நாங்கள் மூன்று பேர். அக்கா, நான், கடைசியில் தம்பி. அப்பா 2022-ல் போய்ச் சேர்ந்தார். உயில் எதுவும் எழுதவில்லை.

மறுவருஷம் தலை திவசம் முடிந்த மறுநாள் காலை, வாசலில் கார் நின்றது. “அக்கா, ரெண்டு பேரும் வாங்க. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரே ஒரு கையெழுத்துதான், அரை மணில வந்துடலாம்” என்றான் தம்பி. பத்திரம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. அதன் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு எதிலிருந்து விடுதலை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அக்கா படித்துக்கூடப் பார்க்கவில்லை. “தம்பிதானே, அவன் நல்லா இருந்தா போதும்” என்று போட்டுக் கொடுத்தாள். நான் ஆதார் கார்டை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். “சரி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்றான். நானும் போட்டிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. எனக்குப் புத்தி இருந்ததால் தப்பித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், மறதி இருந்ததால் தப்பித்தேன்!

2024 ஆடி மாதம் அக்கா இரண்டு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்து நின்றாள். குடி, கடன், அடி... அந்தக் கதையை எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது, விட்டு விடுகிறேன். பன்னிரண்டு நாள் இருந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. தம்பி மனைவியும் கெட்டவள் இல்லை. ஒரு நாள் காலையில் பால்காரரை வாசலில் நிற்க வைத்துவிட்டு, “அண்ணி, ரெண்டு பாக்கெட் சேர்த்து வாங்கறது இந்த வாரத்துக்கு மட்டும்தானே? இல்லை, மாசத்துக்கும் சொல்லிடவா?” என்று கேட்டிருக்கிறாள். சாதாரணமாகக் கேட்டதுதான். அன்று சாயந்திரமே அக்கா வாடகைக்கு ஒரு ஒற்றை அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அப்பா கட்டிய வீட்டில் அவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் போயிற்று.

இப்போது ஒரு ஜவுளிக் கடையில் வேலை. கடையில் நிற்கும் பெண்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே வந்திருக்கிறது. “நாற்காலி இருக்குடி, அதுல சூப்பர்வைசரோட பை உட்கார்ந்திருக்கு” என்கிறாள்.

அதற்குப் பிறகுதான் நான் விசாரித்தேன். நான் பத்தாவதுதான். ஆனால் தெரிந்த வக்கீல் அம்மா ஒருவர் பொறுமையாகச் சொன்னார். அப்பா சொந்தமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் போன சொத்து என்றால், 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. எங்கள் வீட்டுக்கு நாலு பங்கு. அம்மாவுக்கும் ஒன்று! இதைச் சொன்னபோது அம்மா, “எனக்கா? எனக்கு எதுக்குடி?” என்று கூச்சப்பட்டார்.

பூர்வீகச் சொத்து என்றால் அது வேறு கதை. 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக வர 1989 ஆயிற்று. அதிலும் 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான பெண்களுக்கு இடமில்லை. 1986-ல் கல்யாணமான எங்கள் அத்தைக்கு மூன்று வருஷத்தில் போயிற்று. 2005-ல் நாடு முழுமைக்கும் மத்தியச் சட்டம் வந்தபோது அந்தத் தடை இல்லை. ஆனால் அதற்குள் அந்த நிலத்தை எப்போதோ பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்து விட்டார்கள். அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பார்க்க வேண்டாம், மகளுக்கு அது பிறப்பிலேயே வந்த உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2020 ஆகஸ்டில் சொன்னது. இஸ்லாமியத் தோழிகளுக்கு அவர்கள் முறைப்படி பங்கு வேறு கணக்கு. ஆனால் அண்ணன் தம்பி வந்து கையெழுத்துக் கேட்கும்போது மட்டும் எல்லா வீட்டிலும் வசனம் ஒன்றுதான்.

“அதான் கல்யாணத்துக்கு நகை போட்டோமே?” என்பார்கள். எனக்குப் போட்டது பதினைந்து பவுன். அதில் பத்து, கணவருடைய கடை வைக்க அடகுக்குப் போய் மூழ்கிப் போனது. அக்காவுடையது எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை. நகை போட்டது உண்மை, ஆனால் அது எங்கள் கையில் எத்தனை நாள் இருந்தது?

தம்பி பக்க நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் எட்டு மாசம் பார்த்தவன் அவன். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அம்மாவுக்குச் சோறு போடுவதும் அவன்தான். அவனுக்கு ஒரு பங்கு கூடுதலாகப் போனால் நான் சண்டை போட மாட்டேன். ஆனால் இவ்வளவு உனக்கு உண்டு, இவ்வளவை நீ விட்டுக் கொடுக்கிறாய் என்று சொல்லிவிட்டுக் கேட்கலாம் அல்லவா? தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு.

போன வருஷம் மாடி கட்ட லோன் போட வேண்டும் என்று திரும்பவும் பத்திரத்தோடு வந்தான். கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன்: “என் பங்கு எனக்கு வேண்டாம்டா. ஆனா அதுக்குப் பதிலா வடக்கு ரூமை அக்கா பேருக்கு எழுதிக் கொடு. அன்னைக்கே நான் கையெழுத்துப் போடறேன்.” அவன் முகம் கறுத்து விட்டது. “அக்காதான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாச்சே” என்றான். காபியைக் குடிக்காமலே எழுந்து போனான்.

எட்டு மாசம் பேச்சு இல்லை. தீபாவளிக்கு வரிசை வரவில்லை. அவன் பையன் காதுகுத்துக்குப் பத்திரிகை கூரியரில் வந்தது! தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டிய அத்தைக்குக் கூரியர். அன்றைக்கு ராத்திரி நான் அழுததைப் பார்த்துவிட்டு, “உனக்கும் வேணாம்ங்கறே, அவனுக்கும் தர மாட்டேங்கறே, எதுக்கு இந்த வம்பு?” என்று என் கணவர் கேட்டார். எனக்கே அந்தக் கேள்வி பல ராத்திரி வந்திருக்கிறது. போட்டு விடலாமா என்று பத்திரத்தை இரண்டு முறை பீரோவில் இருந்து எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறேன்.

ஆனால் அதே கணவர்தான், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பைப் பேப்பரில் படித்துவிட்டு வாய் பேசாமல் இருந்தவர். கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி வீட்டைப் பார்த்துக் கொண்டிருந்த குடும்பம் அது. வாங்கிய சொத்தில் அந்த மனைவியின் உழைப்புக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பு. இப்போது 2025 ஏப்ரலில் இருந்து, பெண் பெயரில் பத்து லட்சம் வரை சொத்துப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்றதும், “மனை வாங்கினா உன் பேர்லயே வாங்கிடலாம்” என்கிறார். கட்டணம் குறைகிறதே!

மகள் நான் சொன்னதைத்தான் பேசினாள். பரிசு கிடைக்கவில்லை. கல்வியைப் பற்றிப் பேசிய பெண்ணுக்கு முதல் பரிசு. “மிஸ் மட்டும் தனியா கூப்பிட்டு, விடுதலைப் பத்திரம்னா என்னன்னு கேட்டாங்கம்மா. அவங்களும் போட்டுக் கொடுத்திருக்காங்களாம்” என்றாள்.

போன வாரம் அம்மா போன் செய்தார். “வடக்கு ரூம்ல இருந்த நெல் மூட்டை, பழைய கட்டில் எல்லாத்தையும் எடுத்து வெளியே போட்டிருக்கான்டி. வெள்ளை அடிக்க ஆள் சொல்லியிருக்கான். உங்க அக்காவைப் பத்தி ஒண்ணும் சொல்லலை, ஆனா அவளுக்குத்தான்னு நினைக்கிறேன்.”

“எழுதிக் கொடுப்பானாம்மா?”

“அதை நான் எப்படிடி கேக்கறது?”

“கேளும்மா. அதுல உனக்கும் ஒரு பங்கு இருக்கு” என்றேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “சாயந்திரம் வேலை விட்டு வரட்டும், கேக்கறேன்” என்றார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி