கூரியரில் முருங்கை இலை: பெட்டியை அளந்து அனுப்புங்கள்

காய வைத்த முருங்கை இலையைக் கூரியரில் அனுப்பும் சிறு விவசாயிகள், எடைக்கு மட்டுமே கட்டணம் என்று எண்ணினால் நஷ்டப்பட நேரிடும். வண்டியில் பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் கணக்கு உண்டு. இதைக் கன அளவு எடை என்பர்.

கணக்கிடும் முறை: பெட்டியின் வெளிப்புற நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5,000-ஆல் வகுக்க வேண்டும். விடை கிலோவில் வரும். இதுவும் தராசு எடையும் ஒப்பிடப்பட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குவர். சில நிறுவனங்கள் வேறு எண்ணால் வகுப்பதால் முன்னதாகக் கேட்டறிதல் அவசியம்.

உதாரணமாக, 40×30×30 செ.மீ. பெட்டியில் 3 கிலோ இலை அனுப்பினால், கணக்கில் வருவது 7.2 கிலோ. வாங்குபவர் சம்மதித்தால் அதையே பொடியாக்கி, 30×25×20 செ.மீ. பெட்டியில் அனுப்பலாம். அப்போது 3 கிலோவுக்கே கட்டணம்.

நிழலில் நன்கு உலர்த்திய இலையையே பொடியாக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். பொடியைத் தடித்த பாலிதீன் பையிலிட்டு, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டிய பின் பெட்டியில் வைக்கவும்.

பெட்டியை அளந்து, கூரியர் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே விலை சொல்வது நலம்.